நடுவில் யாரும் இறங்குவதில்லை

மருதேந்தலுக்கு வருகிற கூட்டம் கரைமேல் அய்யனாரைக் கும்பிடுவதற்கு முன்னால் அமராவதியைத்தான் பார்க்கும். அதில் பக்தி ஒன்றும் கிடையாது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை, அடுத்தது குளியல், சாமி அதற்கப்புறம்தான். அந்த முதல் இரண்டும் பதினேழு வருடமாக அமராவதியின் பொறுப்பில் இருக்கின்றன.

கோயில் ஏலத்தில் அவள் முதன்முதலாகக் கை தூக்கியபோது கூடியிருந்த ஆண்கள் சிரித்தார்கள். ஒரு பொம்பளை வந்து கக்கூஸை ஏலம் எடுப்பதா என்று கேட்டார்கள். சிரித்தவர்கள் வீட்டுப் பெண்களும் அதே கழிப்பறைக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அமராவதி ஏலத்தை எடுத்தாள். எடுத்த மறுநாள் சுண்ணாம்பு அடிக்கவில்லை, போர்டு மாட்டவில்லை. பதினாறு கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். துணி மாட்ட ஆணி அடித்தாள். விளக்கு போட்டாள். அடுத்த வருடம் வந்த பெண்கள் சாமி பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

இந்த அய்யனார் இருநூறு முந்நூறு வகையறாவுக்குக் குலதெய்வம். ஊர் ஊராகப் பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு தரமாவது வந்து பொங்கல் வைத்தாக வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேரின் முகம் அமராவதிக்குத் தெரியும். எந்தக் கிழவருக்கு முழங்கால் மடங்காது, எந்த வீட்டு மருமகள் குளிக்க ஒரு மணி நேரம் எடுப்பாள், எந்தப் பிள்ளை இருட்டைக் கண்டால் அழும் என்பதெல்லாம் மனப்பாடம். திட்டுவாள், நன்றாகவே திட்டுவாள். ஆனால் குளிருக்கு நடுங்குகிற கிழவிக்கு வெந்நீர் தராமல் விட்டதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, பிச்சைமுத்து. இருபத்து நாலு வயதில் குவைத்துக்குப் போனவன். கடற்கரை ஓட்டல் ஒன்றில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிற வேலை. இருபத்தோரு வருடமாக வெயிலில் நின்று அடுத்தவன் குளிக்கிற தண்ணீரிலிருந்து தூசி அள்ளினான். அந்தத் தண்ணீரில் அவன் ஒருநாளும் இறங்கியதில்லை, வேலைக்காரர்கள் இறங்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் ஊருக்கு வருவான். பெண்டாட்டி மீனம்மாள் அவனோடு வாழ்ந்த நாட்களை எல்லாம் கூட்டினால் முழுசாக ஒன்றரை வருடம் தேறாது. மகள் இலக்கியா பிளஸ் டூ வந்துவிட்டாள். அப்பாவிடம் இன்னும் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரிதான் பேசுகிறாள்.

அவன் ஊரோடு வந்து சேருவதற்குப் போட்ட திட்டம்தான் ரிசார்ட். ஓட்டல் காகிதத்தில் பேனாவால் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அமராவதி இன்னும் வைத்திருக்கிறாள். பன்னிரண்டு அறை, ஏசி, நடுவில் நீச்சல் குளம், குளத்தைச் சுற்றிக் குடை. மருதேந்தலில் தங்குவதற்கு உருப்படியாக ஓர் இடம் கிடையாது என்பது உண்மை. ஆகவே எல்லாருக்கும் அது நல்ல திட்டமாகவே பட்டது. இடம் பார்க்கும் வேலையை அவன் அக்காவிடம் விட்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள்தான் அலைந்தாள். கிழக்குச் சாலையில் ஓர் ஏக்கர் பார்த்தாள். வில்லங்கம் இல்லாத பட்டா. போர் போட்டதில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி ஊற்று. மணமேல்குடிப் பக்கமிருந்து கடல் காற்று நேராக வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு கிலோமீட்டர். இதைவிட என்ன வேண்டும் என்று அவளே தம்பியிடம் போனில் சொல்லி முடித்துக் கொடுத்தாள்.

இந்த வருடம் தை கடைசியில் பிச்சைமுத்து இரண்டு மாத விடுப்பில் வந்தான். புதுக்கோட்டை இன்ஜினியர் எழிலரசன் பிளான் போட்டு அனுமதியும் வாங்கியிருந்தார். பங்குனியில் பூமி பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. வேலை ஆரம்பித்துவிட்டால் குவைத்துக்கு முழுக்குப் போட்டுவிடலாம். இல்லையென்றால் பங்குனிக் கடைசியில் திரும்பிப் போக டிக்கெட் தயாராக இருந்தது. அவனுக்கும் வயது நாற்பத்தைந்து. இந்தத் தடவை போனால் அடுத்துத் திரும்புவது எப்போது, எந்த நிலைமையில் என்று யாராலும் சொல்ல முடியாது. மீனம்மாள் அந்த டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தாள்.

மாசி பிறந்த இரண்டாம் நாள், சிவகங்கைக்காரர்கள் ஒரு வேனில் வந்து குளித்துப் பொங்கல் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் போனபிறகு பார்த்தால் குளியலறை ஆணியில் பெரியவருடைய மூக்குக்கண்ணாடி தொங்குகிறது. அமராவதி அந்த வீட்டுப் பையனுக்குப் போன் போட்டாள். திரும்பி வர முடியாது, அடுத்த மாசிக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று அவன் சொன்னான். கண்ணாடி இல்லாமல் ஒரு வருடம் அந்த மனுஷர் என்ன செய்வார் என்று இவளுக்குக் கோபம் வந்தது. மினி பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் ஆவுடையப்பன் அன்றைக்கு ஓய்வில் இருந்தார். அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து பைக்கில் விரட்டினாள்.

அவர் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே கதை சொன்னார். வேனை மறித்தாராம். வண்டி நிற்கவில்லை, மெதுவாக உருண்டதாம். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டதாம்.

"கதவைக்கூடத் தொறக்கல. சாமி கும்பிட்டுட்டு வாராங்கள்ல, வீடு போற வரைக்கும் கால் தரையில படக் கூடாதாம்" என்றார்.

அமராவதியும் சிரித்தாள். பிறகு, எந்த இடத்தில் மறித்தீர்கள் என்று கேட்டாள்.

"நம்ம பிச்சைமுத்து எடத்துக்கு முன்னாடிதான்."

அவள் சிரிப்பு அத்தோடு நின்றது.

குலதெய்வத்தைக் கும்பிட்டால் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும், வழியில் எங்கேயும் தங்கக் கூடாது என்பது மருதேந்தலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர் மூளைக்கும் அது எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்றால், உள்ளூர்க்காரனுக்குக் கோயிலிலிருந்து வீடு இரண்டு நிமிட நடை. வழி என்று ஒன்று இருந்தால்தானே வழியில் தங்குவதைப் பற்றி யோசிக்க? கண்மாய்க் கரைச் சாலையில் ஒரு வண்டிதான் போக முடியும் என்பதால் பன்னிரண்டு வருடமாக அது ஒருவழிப் பாதை. வருகிற வண்டியெல்லாம் அறந்தாங்கிப் பக்கமிருந்து மேற்குச் சாலையில் வரும். கும்பிட்டு முடித்தபின் கிழக்குச் சாலையில் வெளியே போகும். தம்பியின் இடம் இருப்பது போகிற சாலையில். அவளிடம் குளிக்க வருகிற அத்தனை பேரும் சாமி கும்பிடப் போகிறவர்கள். கும்பிட்டுவிட்டு வந்து குளித்தவர் என்று இந்தப் பதினேழு வருடத்தில் ஒருவர் உண்டா? கால் கழுவக்கூட யாரும் வந்ததில்லை. இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த தானே அந்த நிலத்தை அடியெண்ணி அளந்து, நல்ல இடம் என்று சொல்லி முடித்துக் கொடுத்ததை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள். எழிலரசன் மேஜையில் பிளானை விரித்து வைத்திருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதெல்லாம் பழைய தலைமுறையோடு போயிற்று, களைத்து வருகிறவர்கள் ஏசி அறையைப் பார்த்தால் தங்குவார்கள், தவிர கடற்கரைச் சாலையில் போகிற சுற்றுலாக்காரர்களும் வருவார்கள் என்றார். அவர்கள் எந்த வழியாக உள்ளே வருவார்கள், அது ஒருவழியாயிற்றே என்று அமராவதி கேட்டாள். அவர் பிளானை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பிச்சைமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. "மூணு வருசத்துக்கு முன்னாடி நீதானக்கா பாத்த? நீதானே நல்ல எடம்னு சொன்ன?"

"நான்தான் பாத்தேன். தப்பு என்னோடதுதான். அதான் ஓடியாந்து சொல்றேன்."

அவன் நம்பவில்லை. நம்பப் பிடிக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. அமராவதி வாதாடிப் பார்த்துவிட்டு ஒரு பந்தயம் வைத்தாள். சிவராத்திரிக்கு விடிய விடியக் கூட்டம் வரும், மறுநாள் காலையில் எல்லாரும் உன் இடத்தைத் தாண்டித்தான் போவார்கள். பந்தல் போடு, நாற்காலி போடு, டீயும் சுண்டலும் இலவசமாகக் கொடு. பத்துக் குடும்பம் இறங்கிவிட்டால் நான் வாயே திறக்க மாட்டேன், பூமி பூஜைக்கு முதல் செங்கல்லை நானே சுமந்துவந்து தருகிறேன். அவன் சம்மதித்தான். பத்து என்ன, நூறு குடும்பம் இறங்கும் என்று எழிலரசன் தைரியம் சொன்னார்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் பிச்சைமுத்து வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தான். நீலப் பந்தல், அறுபது நாற்காலி, பெரிய பேனர், மூன்று அண்டா டீ, வாளி வாளியாகச் சுண்டல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாலையோரம் போய் நின்றான். ஓட்டலில் வாசல்காரர்கள் விருந்தாளிகளை வரவேற்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், கையை நீட்டிக் குனிந்து அழைத்தான். அமராவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு நான் சொன்னது பொய்யாகட்டும் என்று அவள் அய்யனாரை வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு மணியிலிருந்து வண்டிகள் வரிசையாக வந்தன. வேன், கார், டிராவலர், ஆட்டோ, தலைப்பாகையோடு பைக்கில் மூன்று பேர். ஜன்னல் வழியே பார்த்தார்கள், சிலர் கும்பிடு போட்டார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். ஒன்பது மணிவாக்கில் ஒரு வேன் நின்றதைப் பார்த்து அவன் ஓடினான். டிரைவர் மட்டும் இறங்கி, ஓரமாக ஒதுங்கிவிட்டு வந்து, ஒரு டீயை நின்றபடி குடித்தார். அவர் வேறு ஊர்க்காரர், வேறு குலதெய்வம். உள்ளே இருந்தவர்கள் இறங்கவில்லை. இன்னொரு காரில் பிள்ளை வீறிட்டு அழுதது. தாய்க்காரி ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் நிரப்பிக் கொடுத்தான், பாட்டிலோடு கார் போயிற்று.

பதினொரு மணிக்கு அவன் பொறுமை இழந்துவிட்டான். மெதுவாக வந்த ஒரு டிராவலரின் குறுக்கே போய் நின்று, முன் இருக்கையிலிருந்த பெரியவரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டான். பணம் வேண்டாம், நிழல் இருக்கிறது, பெண்கள் பிள்ளைகள் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றான். பெரியவர் திருநீறு நெற்றியோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. சாமிய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம். நடுவுல எறங்கப்படாது."

பிச்சைமுத்து வழிவிட்டு நின்றான். அதற்கப்புறம் அவன் எந்த வண்டியையும் கூப்பிடவில்லை. ஒரு மணிக்கு அவனே அண்டாவைச் சாய்த்து டீயைக் கொட்டினான். எழிலரசன் எப்போது கிளம்பிப் போனார் என்று யாருக்கும் தெரியாது.

ஜெயித்த அமராவதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மாலையில் போனபோது பிச்சைமுத்து ஒரு முடிவெடுத்து வைத்திருந்தான். இந்த இடத்தை விற்பது, திரும்பக் குவைத்துக்குப் போவது, இன்னும் மூன்று வருடம் இருந்து மேற்குச் சாலையில் இடம் வாங்குகிற அளவுக்குச் சேர்த்துக்கொண்டு வருவது. நிதானமாகத்தான் பேசினான். பழகிப்போன காரியத்தைப் பேசுகிறவனுக்கு வருகிற நிதானம் அது. மீனம்மாள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவு சாத்திய சத்தம் கேட்டபோதுதான் அமராவதிக்கு மனசு கெட்டிப்பட்டது. மேற்குச் சாலையில், கோயிலுக்குப் போகிற வழியில், குளியலறைக்குப் பின்னால் அவளுக்கு நாற்பது சென்ட் இருந்தது. ஏலம் எடுத்த காலத்திலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வாங்கிய நிலம். கோயில் வீட்டில் வாடகைக்குக் காலம் தள்ளுகிறவள், என்றைக்காவது சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருந்தது. அதில் தம்பியைக் கட்டச் சொல்லலாமா என்று இரவு புருஷனிடம் கேட்டாள். பத்திரம் உன் பெயரில், பாடுபட்டது நீ, முடிவும் நீயே எடு என்று அவர் சொல்லிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, வீட்டுக்கு மட்டும் மாடியில் ஓர் இடம் விடச் சொல் என்றார்.

மறுநாள் அவள் பத்திரத்தோடு போனாள். பிச்சைமுத்து தொடவே மாட்டேன் என்றான். கூடப்பிறந்தவளுக்குச் சீர் செய்ய வேண்டியவன் அவள் நிலத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரில் தலை காட்ட முடியுமா என்று கேட்டான்.

"நான் ஒனக்குச் சீர் செய்ய வரலடா. எடம் என்னோடது, கட்டுறது நீ. பாதி எனக்கு, பாதி ஒனக்கு. பேப்பர்ல ரெண்டு பேரும் இருக்கணும். எப்புடிக் கட்டணும்கிறத நான் சொல்லுவேன்."

"ஊரு என்ன பேசும்?"

"நான் கக்கூஸ் ஏலம் எடுத்தப்பவே பேசி முடிச்சிருச்சு."

எழிலரசன் புது பிளானோடு இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் அமராவதி திருப்பி அனுப்பினாள். பன்னிரண்டு அறையும் பன்னிரண்டு ஜோடிக் கட்டிலும் யாருக்கு என்று கேட்டாள். வருகிறவர்கள் ஜோடியாக வருவதில்லை, நாற்பது பேராக வருகிறார்கள். விரதக்காரர்கள் கட்டிலில் படுக்க மாட்டார்கள். ஒரே வகையறா பிரிந்து தனித்தனி அறையில் தூங்கவும் மாட்டார்கள். ஆகவே கீழே ஆறு பெரிய கூடம், வழுக்காத தரை, தூளி கட்ட மேலே கொக்கி. சமைக்கப் பின்னால் கொட்டகை, அதில் சரிவாக வடிகால். அதிகாலை மூன்று மணிக்கு வெந்நீர். மாலையில் வந்து, விடியலில் சாமி கும்பிடக் கிளம்பிவிடுகிறவர்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்கிற ஓட்டல் கணக்கு எதற்கு? சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்காக மாடியில் நாலு அறை மட்டும் கட்டிலோடு இருக்கட்டும், மாடியிலேயே ஓரமாகத் தன் வீடும் இருக்கட்டும் என்றாள்.

எழிலரசன் பேனாவை மூடினார். "இது ரிசார்ட் இல்லைங்கம்மா. மண்டபம்."

"பேரு நீங்க என்ன வேணும்னாலும் வச்சுக்குங்க தம்பி. படுக்குறது அவங்க."

நீச்சல் குளம் இருந்த இடத்தில் எழிலரசன் தானாகவே குறுக்குக் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். பிச்சைமுத்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தோரு வருடமாக அவன் எதையும் கேட்டு வாங்கிப் பழகியவனில்லை. குளம் இருக்கட்டும் என்று அமராவதிதான் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை கோயில் கண்மாயில் ஒரு சொட்டு கிடையாது. முங்கி எழுந்து ஈரத்துணியோடு பொங்கல் வைக்க வேண்டியவர்கள் அவளுடைய குழாயடியில் தலையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். படிக்கட்டு வைத்து, இடுப்பளவு ஆழத்தில், ஆண்களுக்குத் தனியாகப் பெண்களுக்குத் தனியாகக் கட்டச் சொன்னாள். தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் இந்த மாவட்டத்திலேயே என் தம்பி ஒருத்தன்தான் என்றும் சொன்னாள். பிச்சைமுத்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

ஒப்பந்தப் பத்திரம் எழுதி வந்த அன்று பங்குனி பதினெட்டு. டிக்கெட்டுக்கு இன்னும் எட்டு நாள். பிச்சைமுத்து கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். அமராவதி பத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இது கட்டி முடிகிறவரை அங்கே போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறேனே, மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்குமே என்று அவன் முந்தின நாள் மீனம்மாளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது அவள் காதுக்கு வந்திருந்தது.

"மொதல்ல அங்கிட்டுப் போனைப் போடு. வரமாட்டேன்னு சொல்லு. அப்பறம் கையெழுத்து."

"ஒரு வருசந்தானக்கா."

"மொதத் தடவையும் நீ ரெண்டு வருசம்னு சொல்லிட்டுத்தான் போன."

இலக்கியா உள்ளறை வாசலில் புத்தகத்தோடு வந்து நின்றாள். மீனம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. பிச்சைமுத்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மேனேஜரின் எண்ணை அழுத்தினான். அரபியும் இந்தியுமாக ஏதோ பேசினான். மறுமுனையில் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள் போல. அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அமராவதியின் இத்தனை பிடிவாதமும் அந்த ஒரு பதிலில்தான் நின்றது.

"கலாஸ் சார்" என்றான். குவைத்துக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். முடிந்தது என்று அர்த்தம். மறுபடியும் அவர்கள் ஏதோ கேட்க, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "கலாஸ்" என்றான்.

அமராவதி பத்திரத்திலிருந்து கையை எடுத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான், அவளும் போட்டாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டாள், அதை மறைக்கவும் இல்லை.

மீனம்மாள் அரிவாள்மணையை விட்டு எழுந்து உள்ளே போனாள். பீரோவுக்கு மேலிருந்து பிச்சைமுத்துவின் பெரிய பெட்டியை இழுத்து இறக்கி, நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். அதன் கைப்பிடியில் இந்தத் தடவை வந்தபோது விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் அப்படியே இருந்தது. பெட்டியோடு அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சீட்டை அறுத்து எடுத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, மூட்டையில் கிடந்த உளுந்தை அதற்குள் கொட்ட ஆரம்பித்தாள்.